திருமேனியும் நம் மேனியும்



கும்பாபிஷேகம் நிறைவுற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் நெருங்கும்போது ஆலய அறங்காவலர் சபையினருக்கு ஒரு வேலை வந்து சேரும். சிவாச்சாரியாரோடும் ஸ்தபதியாரோடும் கூடிக்கொண்டு, கையில் டோர்ச் லைற்றுடன், ஆலயத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து வருவோம். பீடத்தில் அட்டபந்தன மருந்து வெடித்திருக்கிறதா, விமானத்துச் சுதையில் நீர் கசிந்த கறை உண்டா, எந்தப் பொம்மையின் விரல்நுனி உதிர்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்ப்போம். வண்ணம் மங்கியிருந்தால் ஸ்தபதியார் கவலைப்பட மாட்டார். அது வெயிலும் மழையும் செய்த வேலை என்பார். மயிரிழை போல ஒரு வெடிப்பைக் கண்டால் மட்டும் நின்றுவிடுவார். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம் அல்லவா?

திருமூல நாயனார் இந்த உடம்பையும் ஆலயம் என்றே கண்டவர். முதலில் இழிவென்று எண்ணியிருந்த உடம்பினுள்ளே இறைவன் குடியிருக்கக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். கோபுரத்தைப் பார்க்கும் அந்தக் கண்ணால் நாம் நம் மேனியைப் பார்க்கிறோமா? நரைக்கு மை பூசுகிறோம். அது வண்ணம் மங்கியதற்கான வேலை. வெடிப்பை யார் பார்ப்பது?

சித்த வைத்தியர்கள் நோயறியும் எட்டு வகைத் தேர்வில் நாடியோடு பரிசத்தையும் நிறத்தையும் சேர்த்து வைத்தார்கள். தொட்டுப் பார், நிறத்தைப் பார் என்பதே அதன் பொருள். இன்றைய வைத்தியரும் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறார், நகத்தை அமத்தி விட்டுப் பார்க்கிறார். வெளுத்த நகத்தில் இரண்டு விநாடிக்குள் இரத்தச் சிவப்பு திரும்ப வேண்டும்.

அறுபதைக் கடந்த என் போன்றவர்களுக்கு முதலில் ஆறுதலைச் சொல்லிவிடுகிறேன். தோல் மெலிந்து சுருங்குவதும், மயிர்க்கால்களில் நிறம் கொடுக்கும் கலங்கள் குறைந்து தலை நரைப்பதும், நகத்தில் நீளவாக்கில் வரிகள் தோன்றுவதும் வயதின் வேலை. நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். விரல்நுனி பருத்து நகம் கிளிமூக்குப் போல வளைந்தால் நுரையீரலையோ இருதயத்தையோ சோதிக்க வேண்டும். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெற் துணி போல இருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள், இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங்களின் பின் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தால் அழ வேண்டாம், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளர்கிறது. ஆகவே ஆறு மாதத்துக்கு முன் பட்ட நோயின் குறுக்குக் கோட்டைக்கூட அது சுமந்து வரும். கந்தோரில் பழைய கோவைகளைப் புரட்டிக் காலம் கழித்த எனக்கு, நகமும் ஒரு கோவையாகவே படுகிறது.

ஒரேயொரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டு வந்தால் தாமதிக்கக் கூடாது. புகழ்பெற்ற ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் அடியில் கண்டது தோற்புற்று. 1981 இல் 36 வயதில் இறந்துபோனார்.

இனி நான் எழுத நினைத்த விடயத்துக்கு வருகிறேன். அதை எழுதும்படி சொன்னவரே, பெயர் மட்டும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

2016 ஆம் ஆண்டுத் தேர் நாள். நல்ல வெயில். நாங்கள் எல்லோரும் சால்வையை இடுப்பில் கட்டி, வெறும் மேலோடு வடம் பிடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவரின் முதுகில் வலத் தோளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவில் வெளிறிய படை. எல்லோருடைய முதுகும் வேர்வையில் மினுங்க, அந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. கொழும்பு வெக்கைக்கு வரும் தேமலாக்கும் என்று நினைத்தேன். இன்னொரு மனிதரின் மேனியைப் பற்றி எப்படிக் கதைப்பது என்ற கூச்சம் வேறு. பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு மடைப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிடாரத்தை இறக்கியபோது அவருடைய சின்னவிரலும் மோதிரவிரலும் கொப்பளித்துவிட்டன. பக்கத்தில் நின்றவர் கண்டு கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சுட்டது தெரியவில்லை. தோல் கிளினிக்கில் பஞ்சு நுனியால் அந்தப் படையைத் தொட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் உணர்ச்சி இல்லை. தொழுநோய்.

இந்தச் சொல்லைக் கேட்டு நம்மவர் நடுங்குவதற்குக் காரணம் உண்டு. களனி கங்கைக்கு அப்பால் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708 இல் இந்நோயாளருக்கென வைத்தியசாலை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்ற தீவே அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1901 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிடித்து ஒதுக்கி வைக்க இடம் கொடுத்தது. இத்தனைக்கும் இது ஒரு கிருமியால் வருவது என்பதை நோர்வே வைத்தியர் ஹன்சன் 1873 இலேயே கண்டிருந்தார். இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்து கொடுக்கப்படுகிறது. இலவசம். ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. கெட்டுப்போன நரம்பை மட்டும் மருந்து எப்போதும் மீட்டுத் தருவதில்லை. கிருமி உள்ளே வந்து குறி வெளியே தெரியப் பல வருடங்கள் செல்லும், குறி தெரிந்த பின் கடத்தும் மாதங்களுக்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவரை மடைப்பள்ளிக்குள் விடலாமா என்று ஒருவர் சபைக் கூட்டத்தில் கேட்டார். கேட்டவர் கெட்டவர் அல்லர், பயந்தவர். வைத்தியர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். பிறகு சுந்தரமூர்த்தி நாயனாரை நினைவூட்டினேன். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைத் தப்பியதால் கண்ணிழந்த அவரை உடற்பிணியும் பற்றியது. அதை அவர் மூடி மறைத்தாரா? திருத்துருத்தியில் இறைவன் சந்நிதியிலேயே முறையிட்டார். எம்பெருமான் தள்ளி நில் என்று சொல்லவில்லை. திருக்குளத்தில் முழுகச் சொன்னார், பிணி நீங்கி மேனி ஒளி பெற்றது என்று சேக்கிழார் பாடுகிறார். அப்பரடிகளும் சூலை வந்தபோது தமக்கையார் திலகவதியாரிடம் ஆள் அனுப்பிச் சொன்னவர்தான். கூட்டத்தில் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

மருந்து ஒரு வருடத்தில் முடிந்தது. படை மங்கிவிட்டது. சின்னவிரல் மட்டும் சற்று மடிந்தபடி நின்றுவிட்டது. ஒருநாள் வீதி வலம் வரும்போது, தேரன்று நான் கண்டதை அவருக்குச் சொன்னேன். கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, “அண்ணை, என்ரை முதுகு எனக்குத் தெரியாதுதானே. நீங்களாவது சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடியார்கள் காலையில் நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் முழங்கையிலும் திருநீறு தரிக்கும்போது ஒரு நிமிடம் கூடுதலாக நின்று அந்த இடங்களைப் பாருங்கள். உணர்ச்சியற்ற படை, ஆறாத புண், மாறிக்கொண்டு வரும் மச்சம் எதையாவது கண்டால் தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். முதுகுக்கு வீட்டாரின் கண் வேண்டும். இவ்வாண்டுத் தேரன்று எனக்குப் பின்னால் நின்று வடம் பிடிக்கும்படி அவரைக் கேட்டிருக்கிறேன். ஓம் என்றிருக்கிறார்.