சொல்லாது விட்ட எடுகூற்று

உலக வழக்கிலே நிகழும் வாதங்களுள் முற்றக் கூறப்படுவன மிகச் சில. ஓர் ஏதுவையும் ஒரு முடிபையும் மாத்திரம் சொல்லி, அவ்விரண்டையும் பிணிக்கும் கூற்றைக் கேட்போர் தாமே உய்த்துணர்க என விட்டுவிடுகின்றோம். எல்லாரும் அறிந்ததனை எடுத்துரைத்தல் வேண்டா என அரிஸ்டோட்டிலும் தமது சொல்வன்மை நூலிலே இதனை உடன்பட்டார். இக்காலத்துப் போட்டிப் பரீட்சைகளிலே, அவ்வாறு விடப்பட்ட கூற்றைத் தெரிந்தெடுக்குமாறு வினா வருவதுண்டு. அதனைக் கற்பித்தற்கு, நம் வகுப்பறைகளிலே நாடோறும் வழங்கும் வாதம் ஒன்றே போதும்.

“இம்மாணாக்கன் வினாவிற்கு விடை பகர்வதில்லை, ஆதலின் இவன் பாடம் அறியான்.”

இதன்கண் மறைந்து நிற்பது யாது? “மாணாக்கர் பாடங் கற்றல் வேண்டும்” என்பர் சிலர். அது மெய், ஆயினும் இவ்வாதத்திற்கு வேண்டுவதன்று. மெய்யான கூற்றெல்லாம் விடையாகும் என மயங்குதலே பிள்ளைகளுக்கு முதல் இடறுகல். “விடை பகர்வோர் யாவரும் பாடம் அறிந்தோர்” என்பர் வேறு சிலர். அது தலைமாறிய கூற்று. வேண்டுவதோ, “பாடம் அறிந்தோர் விடை பகர்வர்” என்பதே. சோதிக்கும் வழி எளிது: ஐயுற்ற கூற்றை மறுத்துப் பார்க்க; மறுத்தவுடன் வாதம் விழுமாயின் அதுவே மறைந்த கூற்று.

இங்ஙனம் தலைமாறும் பிழையை நம்முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆங்கிலத் தருக்க நூலை முதற் கற்று, தருக்கசங்கிரகத்தைப் பின்னரே கண்டவன் யான். ஆயினும் இவ்விடத்திலே பின்னையதே எனக்குத் தெளிவு தந்தது. புகையுள்ளவிடத்துத் தீயுண்டு, தீயுள்ள இடமெல்லாம் புகையுண்டு என்றலோ பொருந்தாது. பழுக்கக் காய்ந்த இரும்பிலே தீயுண்டு, புகையில்லை. தீ புகைதற்கு ஈரவிறகு கூடுதல் வேண்டும். இவ்வாறு சொல்லப்படாது கூடிநிற்கும் நிமித்தத்தை உபாதி என்ப. அறிவைத் தீயாகவும் விடையைப் புகையாகவும் வைத்து நோக்குமின். புகை காணாமையால் தீயில்லை என்று துணிபவர் ஈரவிறகை மறந்தவராவர். அறிவு விடையாய் வெளிப்படுதற்கு வினா செவியிற் பட வேண்டும். நா திக்காதிருத்தல் வேண்டும். பிறர் நகைப்பரென்னும் அச்சம் நீங்க வேண்டும். வீட்டிலே வழங்கும் பேச்சைப் பள்ளியிலே பேச நாணாதிருத்தலும் வேண்டும்.

இங்கே நுட்பமொன்று உண்டு. “அறிந்தோர் யாவரும் பகர்வர்” என்னும் பொதுக்கூற்று இவ்வாதத்திற்கு வேண்டுமளவினும் மிக்கது. வேறொரு பிள்ளை அறிந்தும் வாளாவிருப்பான் எனக் காட்டினால் அப்பொதுக்கூற்று அழியும், வாதியோ, “யான் சொன்னது இவனைப் பற்றியே, இவன் அறிந்திருப்பின் பகர்ந்திருப்பான்” என்று தப்புவர். உண்மையிலே வாதத்திற்கு இன்றியமையாதது அச்சிறு கூற்றே. பரீட்சை விடைகளுள் இரண்டும் வரின், மிகைபடாததனையே கொள்க.

ஆயின் அச்சிறு கூற்று எளிதிற் பெறத்தக்கதன்று. பொதுக்கூற்றைச் சொல்லுதற்கு உலகறிவு போதும். இதனைச் சொல்லுதற்கோ அப்பிள்ளையை அறிந்திருத்தல் வேண்டும். அவன் வாய்திறந்து பேசும் இடம் யாது, எவரோடு பேசுவான், எப்பொழுது நாவெழாது நிற்பான் என்பனவற்றை ஆராயாத ஆசிரியர் “இவன் பகர்ந்திருப்பான்” என்று எவ்வாறு துணிவர்? துணிந்து அவனைக் கடைவாங்கிலே இருத்தி, வினாவுதலையும் ஒழித்துவிடின், ஈராண்டிலே அவன் மெய்யாகவே பாடம் அறியாதவனாகின்றான். அப்பொழுது, “யாம் முன்னரே சொன்னோம்” என்பர்! வாதத்தின் குற்றத்தை முடிபு தானே மூடிவிடுகின்றது; இதனிற் கொடிய போலியை யான் தருக்க நூல்களிலே கண்டிலேன்.

அதே வினாவைத் தாளில் எழுதிக் கொடுத்து, பிறர் இல்லாதபோது விடை எழுதச் சொல்லுதல் ஒரு சோதனை. எழுதினானாயின் வாதம் வீழ்ந்தது. எழுதாவிடினும் உடனே துணிதல் வேண்டா. அவன் எழுத்துக்கூட்டி வாசிக்க வல்லனோ என்பது அடுத்து வினாவத்தக்கது.