வாடகை ரசீதும் வாய்மையும்

வீட்டு வாடகைக்கு வரிச்சலுகை கோருபவர் கையெழுத்திட்டு மூன்று செய்திகளை அரசுக்குச் சொல்கிறார்: இந்த வீட்டில் குடியிருப்பதாக, இவ்வளவு வாடகை கொடுத்ததாக, அதை இன்னாரிடம் கொடுத்ததாக. மூன்றும் மெய்யானால் பேச்சில்லை. மூன்றும் பொய்யானால் மோசடி. அதிலும் அறவியலுக்குப் பெரிய வேலையில்லை. ஒன்று மெய்யாகவும் இன்னொன்று பொய்யாகவும் இருக்கும்போதும், மூன்றும் தாளில் சரியாக இருந்து வீட்டுக்குள் கதை வேறாக இருக்கும்போதும்தான் சிக்கல். வாய்மை என்பது சொல்லுக்கும் நடப்புக்கும் உள்ள பொருத்தமா, சொல்பவரின் உள்நோக்கமா, சொல்லால் விளையும் நன்மை தீமையா என்று சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றன. அந்த வழக்கு ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அலுவலகக் கணக்குப் பிரிவின் மேசைக்கும் வந்துவிடுகிறது.

இந்தியாவில் இந்தச் சலுகை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(13ஏ) பிரிவிலும் 2ஏ விதியிலும் வகுக்கப்பட்டது. 2025-இல் நிறைவேறிய புதிய சட்டம் பிரிவு எண்களை மாற்றியதே தவிர, சலுகையின் கருவை மாற்றவில்லை. சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி (எச்.ஆர்.ஏ.), கொடுத்த வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி, சென்னை போன்ற பெருநகரங்களில் சம்பளத்தின் 50 சதவீதம் அல்லது மற்ற ஊர்களில் 40 சதவீதம். இந்த மூன்றில் எது குறைவோ அதற்கு வரி கிடையாது. சென்னையில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய், எச்.ஆர்.ஏ. 24,000, வாடகை 20,000 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் வரியிலிருந்து விலகும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் செஸ் உட்பட 34,944 ரூபாய் மிச்சம். எச்.ஆர்.ஏ. இல்லாதவர்களுக்கு 1961 சட்டத்தில் 80ஜிஜி பிரிவு இருந்தது. ஆனால் அதன் உச்சவரம்பு மாதம் 5,000 ரூபாய்தான். 2020-இல் அறிமுகமாகி 2023-24 முதல் இயல்பான முறையாக்கப்பட்ட புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது. அங்கே பொய் ரசீதுக்கு வேலையில்லை. மெய்யான ரசீதுக்கும் இல்லை.

சலுகைக்கு ஆதாரம் ஒரு துண்டுத் தாள். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் பாதியும் தாளில் பாதியுமாக வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணும் வேண்டும். ஒரே உட்காரலில் ஒரே பேனாவால் பன்னிரண்டு ரசீதுகளையும் எழுதி முடிப்பது ஊரறிந்த வழக்கம். அதனாலேயே அவை பொய்யாகிவிடாது. கொடுத்த பணத்துக்குத்தான் பிறகு தாள் எழுதப்படுகிறது.

கொடுக்காத பணத்துக்கு எழுதப்படும் ரசீதுக்கும் நியாயம் சொல்லப்படுவதுண்டு. அரசு வாங்கும் வரி அளவுக்கு மீறியது, வாங்கியதையும் வீணடிக்கிறது, ஆகவே அதனிடம் பொய் சொல்வது பொய்யாகாது என்பது அந்த வாதம். இதற்குப் பழைய வேர்கள் இருக்கின்றன. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரை, வரி கொள்ளும் முறை தெரியாத அரசை வயலுக்குள் புகுந்து தின்பதைவிட மிகுதியாக மிதித்தழிக்கும் யானையோடு ஒப்பிட்டது. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம், செங்கோலைக் காட்டிப் பொருள் கேட்கும் கொடிய மன்னனை வேலேந்திய வழிப்பறிக்காரனுக்குச் சமமாக வைத்தது. யூத மரபில் மூன்றாம் நூற்றாண்டு பாபிலோனிய அறிஞர் சாமுவேல், நாட்டின் சட்டமும் சட்டமே என்று விதித்தார். ஆனால் சுங்கக்காரரை ஏமாற்றலாம் என்ற பழைய விதியோடு அதை எப்படிப் பொருத்துவது என்று விவாதித்த தல்மூத், வரம்பில்லாமல் பிடுங்குபவரும் தானாகவே சுங்கக்காரராக நிற்பவரும் வேறு என்று பிரித்தது. ஸ்பானியப் பிரான்சிஸ்கன் துறவி அல்போன்சோ தெ காஸ்த்ரோ 1550-இல் தண்டச் சட்டங்களைப் பற்றி நூல் எழுதிய காலத்துக்குப் பின், கத்தோலிக்க அறவியலில் ஒரு சாரார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுவதில்லை, ஒன்று கீழ்ப்படியலாம், இல்லையேல் பிடிபட்டால் தண்டம் கட்டலாம் என்றார்கள். வரிச் சட்டங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தவர்கள் உண்டு. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் வரி செலுத்துவதை அறக்கடமை என்றே சொல்லி இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இந்த வாதங்களெல்லாம் கொடாமல் இருப்பதற்கு ஓரளவு இடம் தருகின்றன. பொய்யாக ஒன்றைச் சொல்வதற்குத் தருவது மிகக் குறைவு. இந்த வேறுபாடு மாதச் சம்பளக்காரரைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. அவருடைய வரி கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது. ரொக்கத்தில் புழங்கும் வியாபாரி வாயைத் திறக்காமலேயே வரியிலிருந்து நழுவலாம். சம்பளக்காரர் வாயைத் திறந்து ஒன்றைச் சொன்னால்தான் நழுவ முடியும். மௌனத்தைவிடப் பொய்யைக் கனமான பாவமாக எடைபோடும் அறநூல்களின் தராசில், அரசுக்குக் குறைவாக இழப்பு வைப்பவரின் தட்டே தாழ்கிறது. இதில் அநீதி இருக்கிறது. ஆனால் அது தராசின் அநீதியன்று, வரி பிடிக்கும் முறையின் அநீதி. ‘யாருக்குக் கெடுதல்?’ என்று கேட்டு வாய்மை அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பவர்களுக்கும் அங்கே இடமில்லை. வள்ளுவர் பொய்க்கு விலக்குத் தருவது குற்றமற்ற நன்மை விளையும் இடத்தில். சொன்னவருக்கே 34,944 ரூபாய் விளையும் இடத்தில் அன்று.

பெற்றோருக்கு வாடகை கொடுப்பது இதைவிட நுட்பமான நிலை. வீடு அம்மாவின் பெயரில் இருந்து, மகன் வாடகை கொடுத்து, அம்மா அதைத் தம் வருமானமாகக் காட்டினால் சட்டம் அனுமதிக்கிறது. 2017-இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் ஒரு மகள் தாய்க்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாகச் சொன்ன கோரிக்கையைத் தள்ளியது. 2022-இல் டெல்லித் தீர்ப்பாயம் கணவர் மனைவிக்குக் கொடுத்த வாடகையை ஏற்றது. உறவு தடையாக இல்லை, நடப்பைத்தான் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய நடப்பு இப்படியும் இருக்கும்: ஒன்றாம் தேதி மகன் கணக்கிலிருந்து அம்மா கணக்குக்கு 20,000 ரூபாய் போகிறது; மூன்றாம் தேதி அதே தொகை ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது; அம்மாவின் கார்டு இருப்பது மகனின் பர்ஸில். வங்கிக் கணக்கு சாட்சி சொல்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, கையெழுத்தும் அசல். சொன்னவற்றில் பொய்யென்று விரல் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

மகாபாரதத்தில் தருமன் சொன்னதிலும் பொய்யென்று காட்ட ஒன்றுமில்லை. அசுவத்தாமன் என்ற யானை இறந்தது உண்மைதான். துரோணர் எதை நம்புவார் என்று தெரிந்தே சொன்னதால், தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவன் தேர் மண்ணில் இறங்கிற்று என்கிறது கதை. இஸ்லாமிய மரபு இன்னும் நெருக்கமான உதாரணத்தைத் தருகிறது. காஜி அபூ யூசுப் ஆண்டு முடியும் தறுவாயில் தம் சொத்தை மனைவிக்குக் கொடுத்து, மனைவியின் சொத்தைத் தாம் வாங்கிக்கொள்வார்; இப்படிக் கைமாறினால் ஜகாத் என்னும் கட்டாயக் கொடை கடமையாகாது என்று ஒரு செய்தி உலவியது. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். உலகியல் சட்ட அறிவின்படி இது சரியாகலாம், மறுமையில் இதன் தீங்கோ மிகப் பெரிது என்பது அவர் முடிவு. இந்திய உச்ச நீதிமன்றம் 1985-இல் மெக்டவல் வழக்கில் போலி ஏற்பாடுகள் வரித் திட்டமிடல் ஆகா என்று சொன்னபோது, மறுமையை விட்டுவிட்டு ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தது. பிந்தைய தீர்ப்புகள் அதைச் சற்றே தளர்த்தின.

அப்படியானால் தாய்க்கான வாடகை எப்போது மெய்யாகிறது? அந்தப் பணத்தை அம்மா மகளுக்கு வளையல் வாங்கச் செலவழித்தால் மகன் கேள்வி கேட்க முடியாத நிலை இருக்க வேண்டும். வாடகை போதாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு வேண்டும். இந்த உரிமைகளை எந்தத் தாயும் ஒருபோதும் பயன்படுத்தாமல் போகலாம். இல்லாமல் போகக் கூடாது. பணம் நகர்ந்ததைக் கொண்டு மட்டும் அதன் உண்மையை அளப்பது தருமனின் வாக்கியத்தை அதன் இலக்கணத்தைக் கொண்டு அளப்பதற்கு ஒப்பு.

மூன்றாவது நிலையில் குடியிருப்பவர் உண்மையில் குடியிருக்கிறார், வாடகையும் உண்மையில் கொடுக்கிறார், ரசீதுதான் கிடைப்பதில்லை. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிச் சாவியைக் கொடுக்கும்போதே, ‘பான் நம்பர் கீன் நம்பர்னு வந்து நிக்காதீங்க, எனக்கு அதெல்லாம் சரிப்படாது’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். தம் வருமானத்தை மறைக்க அவர் போடும் திரை குடித்தனக்காரரின் மெய்யையும் மூடிவிடுகிறது. இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. மாதம் 18,000 கொடுப்பவர் பான் எண் கேட்கப்படாத வரம்புக்குள் நிற்க 8,300 என்று எழுதுகிறார். அல்லது சித்தப்பா மகனின் பான் எண்ணைப் போட்டு முழுத் தொகையையும் காட்டுகிறார்.

புனித அகஸ்டின் இரண்டையும் பொய் என்பார். மனத்தில் இருப்பதற்கு மாறானதை ஏமாற்றும் எண்ணத்துடன் சொல்வதே பொய், லாப நட்டம் அதன் வரையறையில் இல்லை. 1797-இல் எழுதிய கட்டுரையில், தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லும் உரிமை இல்லை என்ற தத்துவஞானி கான்ட்டிடமும் தப்ப முடியாது. தீமையற்ற சொல்லே வாய்மை என்ற குறளின் அளவுகோலில் முதல் வழி கொஞ்சம் பிழைக்கிறது: சொன்னவர் தமக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியையே கேட்கிறார், கெடுதல் அவருக்கே. அதுவும் முழுக்கச் சரியில்லை. வீட்டுக்காரர் கட்டாத வரிக்கு அந்தத் தாள் மறைப்பாகிறது. இரண்டாவது வழியில் தொகை மெய், பெயர் பொய், உறவினர் ஒருவர் வாங்காத பணத்துக்குச் சாட்சியாகிறார். பொய்யாக எதையும் எழுதாத வழி ஒன்று உண்டு. வாடகையை வங்கி மூலம் செலுத்தி, அலுவலகம் ஏற்காவிட்டாலும் வரிக் கணக்கில் நேரடியாகக் கோரலாம். அதற்கு அடுத்த மாதமே வீடு காலி செய்யத் தயாராக இருக்க வேண்டும் என்பதை அறநூல்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பொய்க்கோரிக்கைக்குச் சட்டம் வைத்த விலை 1961 சட்டத்தின் 270ஏ பிரிவில் வகுக்கப்பட்டது: தவறாகக் காட்டிய வருமானத்துக்கான வரியைப்போல் இரு மடங்கு தண்டம். வாடகைக் கணக்கும் வீட்டுக்காரரின் வருமானக் கணக்கும் ஒத்துப்போகாதது பற்றி 2024-இல் செய்தி பரவியபோது, இதற்கென்று சிறப்பு வேட்டை எதுவும் இல்லை என்று நேரடி வரிகள் வாரியம் விளக்கம் கொடுத்தது. பாவத்துக்குப் பரிகாரம்போல் ஒன்றும் 2022-இல் சட்டத்துக்குள் வந்தது. திருத்திய கணக்கைப் பின்னாளில் தாக்கல் செய்து, வரியோடு கூடுதலாகவும் கட்டலாம்; தாமதம் கூடக்கூடக் கூடுதல் தொகையும் ஏறும். களவாடியதைத் திருப்பித் தராமல் மன்னிப்பில்லை என்ற அகஸ்டினின் நிபந்தனை அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கால் வரியைக் கூட்ட மட்டுமே முடியும், குறைக்க முடியாது. கொடுக்காத வாடகைக்குச் சலுகை பெற்றவர் அதன் வழியே திரும்பி வரலாம். கொடுத்த வாடகைக்கு, வீட்டுக்காரருக்கு அஞ்சிச் சலுகை கேளாமல் விட்டவர் அதே வழியில் வந்து கேட்க முடியாது.