தலையணைக்குக் கீழே துப்பாக்கியா?

கம்பம் பள்ளத்தாக்கிலே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் நம்மைத் தேடி வந்தார். பன்னீர்த் திராட்சையின் விலையைப் பற்றி அவர் பேசவில்லை. பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றியும் பேசவில்லை. "வீட்டுக் காவலுக்குக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமென்றிருக்கிறேன். முதன்முதலாக வாங்குகிறேன். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார். படித்தவர், பண்பாளர், வேலையாளிடம்கூடக் குரல் உயர்த்திப் பேசாதவர். அவர் கையிலே ஒரு துப்பாக்கியை எண்ணிப் பார்த்தோம். சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது.

எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடையைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 9 மில்லிமீட்டர்த் துப்பாக்கி படைக்கும் போலீசுக்கும் உரியது. பொதுவாகக் குடிமகனுக்குக் கிட்டுவது.32 அளவுதான். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆட்சித் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீசார் விசாரித்து எழுதுவர். மீதிப் பாதி, சுழல் துப்பாக்கியா பிஸ்டலா என்பது. பழகாத கைக்குச் சுழல் துப்பாக்கியே எளிது என்பர். பிஸ்டலில் ஒரு வஞ்சம் உண்டு. மேகசினை உருவி எடுத்துவிட்டவன், இனித் தோட்டா இல்லை என்று நம்பிவிடுவான். குழலின் அடியில் ஒன்று தங்கியிருக்கும். "காலியாகத்தான் இருந்தது" என்று அழுகிற தகப்பன்மார் உலகெங்கும் உண்டு. வெறும் துப்பாக்கி என்று நம்பியதே அவர்கள் செய்த பிழை.

ஆனால், 'எதை' என்பது கடைக்காரர் விடை சொல்ல வேண்டிய கேள்வி. நாம் கேட்க விரும்பியது வேறு. யாரை நோக்கி?

நண்பரின் அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அவர் வீடு ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கிறது. நாய் குரைத்தால் கேட்க அண்டை வீடு இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை மனிதனோடு பிறந்தது. சட்டமும் அதை மறுக்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்த அந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் நிற்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனை எதிர்ப்பதில், வரம்புக்கு உட்பட்டு, உயிரே போனாலும் அது குற்றமாகாது. வரம்பு என்ன? தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்தலாகாது என்பதே. நியாயமான வரம்புதான். ஆனால் நள்ளிரவில், அரைத் தூக்கத்தில், படபடக்கும் நெஞ்சோடு, இருட்டில் அசையும் நிழலைப் பார்த்து நிற்பவன் எந்தத் தராசில் தேவையை நிறுப்பான்? தண்ணீர் குடிக்க எழுந்த தாயின் நிழலும் நிழல்தானே!

"1878ஆம் ஆண்டிலே ஆயுதச் சட்டம் போட்டு வெள்ளையன் நம்மை வெறுங்கையர் ஆக்கினான். ஐரோப்பியனுக்கு விலக்கு, நமக்கு விலங்கு! காந்தியாரே அதைக் கண்டித்தார். ஆயுதமிழந்த இனம் அடிமை இனமல்லவா?" என்று நண்பர் மடக்கினார். மெய்தான், அந்தச் சட்டம் ஓர் இழிவு. ஆனால் நிறம் பார்த்து ஆயுதம் கொடுத்த அநீதிக்கு மாற்று, பணம் பார்த்து ஆயுதம் கொடுப்பதாகுமா? இதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் வீட்டுக்குள் செல்வோம். வாங்கிய துப்பாக்கியை எங்கே வைப்பது? இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவைத் தனியே மற்றொரு பெட்டியில் பூட்டி, சாவியை மறைத்து வைத்தால் பேரப்பிள்ளைகளுக்குக் கேடில்லை, திருடனுக்கும் கேடில்லை. அவன் கதவை உடைக்கும் நேரத்தில் நண்பர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். தோட்டா நிரப்பித் தலையணைக்குக் கீழே வைத்தால் திருடனுக்கு ஆபத்துத்தான். ஆனால் திருடன் ஆயுளில் ஓர் இரவு வரலாம், வராமலும் போகலாம். பேரன் நாள்தோறும் வருகிறான். இந்த முடிச்சை அவிழ்க்கும் துப்பாக்கியை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்யவில்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, நெய் பூசி, மாலை சூட்டி, காவல் மனையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கண்டு, புகழ்வது போல் பழித்த செய்தி புறநானூற்றில் உண்டு. போருக்குப் போகாத வேல் வேலாகுமா என்பது அவள் எள்ளல். மன்னனுக்கு அது பொருந்தும். குடும்பத் தலைவனுக்கோ நேர்மாறு. எண்ணெய் பூசி, பூட்டி வைத்து, ஒருமுறையும் சுடாமலே துருவேறிப் போனால் அதுவே அவன் துப்பாக்கி அடையக்கூடிய உயர்ந்த புகழ். அந்தப் புகழுக்காக ஒரு இலட்சம் ரூபாய் செலவிட வேண்டுமா?

துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கின்றனர். 1993இல் வெளிவந்த கெல்லர்மன் குழுவினரின் ஆய்வு, துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. கொன்றவர்கள் பெரும்பாலும் உறவினரும் அறிமுகமானவர்களும். துப்பாக்கிதான் காரணமா, சண்டை மலிந்த வீட்டார்தாம் துப்பாக்கி வாங்குகிறார்களா என்று அதன்மேல் வாதங்கள் உண்டு, இருக்கட்டும். 2020இல் கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் துப்பாக்கியால் தம்முயிரை மாய்த்துக்கொண்ட விகிதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு என்றது. கடனும் காய்ந்த தோட்டமும் ஒருசேர வந்து நெஞ்சை அழுத்தும் ஓர் இரவை நம் உழவர் பலர் கண்டிருக்கின்றனர். அந்த இரவு விடியும்வரை கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே சிலருக்கு வாழ்வா சாவா என்பதைத் தீர்த்திருக்கிறது.

அமெரிக்கா எதற்கு? 1967 ஜனவரி 12ஆம் நாளைத் தமிழ்நாடு மறந்துவிட்டதா? இராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. சுட்டவன் சுவரேறிக் குதித்த கள்வனா? இல்லை. வாயில் வழியே வந்து, வரவேற்கப்பட்டு, நாற்காலியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த சக கலைஞர் எம்.ஆர்.ராதா. அவர் உடலிலும் குண்டுக் காயம். நீதிமன்றம் ராதாவைத் தண்டித்தது. எம்.ஜி.ஆரின் குரல் பழைய குரலாகத் திரும்பவேயில்லை. அந்த அறையிலே துப்பாக்கி இல்லாதிருந்தால்? வாய்ச்சண்டையாய் வளர்ந்து, வசவாய் முடிந்து, ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு திருமண வீட்டில் இருவரும் கைகுலுக்கியிருக்கக் கூடும்.

தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, ஏன்? உணர்ச்சி கொதிக்கும் காலத்தில் அவை வீட்டில் இருக்கலாகாது என்பதால்தான். பாகப் பிரிவினையும் வாய்க்கால் தகராறும் தேர்தல் அட்டவணை பார்த்தா வருகின்றன?

இனி, 'யாரை நோக்கி' என்பதற்கு வருவோம். துப்பாக்கி வாங்க எண்ணுகிற ஒவ்வொருவர் மனத்திலும் திருடன் ஒருவன் முன்பே குடியேறியிருக்கிறான். அவனுக்கு ஒரு முகம் உண்டு, நிறம் உண்டு, உடை உண்டு, நம் நாட்டிலோ, வெட்கத்தோடு சொல்கிறோம், சாதியும் உண்டு. அந்த முகத்தை வரைந்து கொடுத்தது யார்?

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி, அதற்கருகே பெருங்காமநல்லூர். அந்த வட்டாரத்திலும் இந்தப் பள்ளத்தாக்கிலும் வாழும் பிரமலைக் கள்ளர், ஒரு காலத்தில் ஊர்களுக்குக் காவல் நின்றவர்கள். காவல்கூலி வாங்குவார்கள், களவு போனால் ஈடு கொடுப்பார்கள். அம்முறையில் அடாவடியும் இருந்தது. மாட்டை ஓட்டிச் சென்று துப்புக்கூலி கேட்டதும் உண்டு. நாம் மறைக்கவில்லை. ஆனால் வெள்ளை அரசு செய்ததென்ன? குற்றம் செய்தவனைத் தேடாமல், பிறந்தவனையெல்லாம் குற்றவாளி என்றது. குற்றப் பரம்பரைச் சட்டம்! மக்கள் மொழியில் ரேகைச் சட்டம். ஆண்மகன் கைரேகை வைக்க வேண்டும். இரவில் தன் வீட்டில் உறங்கவும் தடை. மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டனர். மாண்டவர் 15 பேருக்கும் மேல். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. ஏட்டிலிருந்து அது போயிற்று, நெஞ்சிலிருந்து போயிற்றா? இன்றும் ஒரு களவு நடந்தால், "அந்தத் தெருப் பயல்களாகத்தான் இருக்கும்" என்று சொல்லும் நாக்கு எத்தனை சாதிகளில் இருக்கிறது! ஒரு காலத்தில் சுட்டு விரலால் சுட்டப்பட்டவர்களின் பிள்ளைகளிலும் சிலர் இன்று சேரியை நோக்கி அதே விரலை நீட்டவில்லையா? அந்த விரலைத்தான் துப்பாக்கியின் விசையில் வைக்கப் போகிறோம்.

காக்கப்பட வேண்டியவன் எவனோ அவனுக்குத்தான் ஆயுதம் என்றால், கணக்கே மாறிவிடும். 1989இல் போடியில் சாதிக் கலவரம் வெடித்ததே, அப்போது அஞ்சி நடுங்கியவை காரை வீடுகளா, குடிசைகளா? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே 1989இல்தான். அதற்காக 1995இல் வகுத்த விதிகளில் மூன்றாவது விதியைப் பலர் படித்ததில்லை. வன்கொடுமை நிகழக்கூடிய இடங்களில் மற்றச் சாதியாரின் துப்பாக்கி உரிமங்களை இரத்து செய்யலாம். தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம் என்கிறது அது. உரிமத்தோடு துப்பாக்கியின் விலையையும் சேர்த்துத் தருவார் யார்? டில்லியில் 2012இல் சீரழித்துக் கொல்லப்பட்ட பெண்ணின் நினைவாக, 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்றொரு சுழல் துப்பாக்கியைப் பெண்களுக்கென வெளியிட்டது. விலை ரூ.1,20,000க்கும் மேல்! விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண், எத்தனை ஆண்டு உண்ணாமல் இருந்தால் அதை வாங்குவாள்? வாங்கினாலும், பெண்ணுக்கு நேரும் கொடுமையில் பெரும்பகுதி தெரிந்தவனால், வீட்டுக்குள்ளேயே நேர்கிறது. அவனைச் சுட்டுவிட்டுப் பிள்ளைகளோடு எங்கே போவாள்?

இவற்றையெல்லாம் சொன்னோம். நண்பர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. "யானை வந்தால்?" என்றார். நமக்கே சிரிப்பு வந்துவிட்டது. 2023 மே 27ஆம் நாள் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள் புகுந்தபோது ஊரே கதவடைத்துக் கிடந்தது. ஜூன் 5ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளைக் கொண்டு லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். .32 தோட்டா அதன் தோலைத் தினவு தீரச் சொறிந்துவிட்டிருக்கும். பிறகு அது நண்பரைத் தேடி வந்திருக்கும்.

"யானையும் பன்றியும் வரும் இரவில் உங்கள் தோட்டத்தில் காவல் இருப்பது யார்?" என்று கேட்டோம்.

"குடிசையில் ஒரு பெரியவர் படுத்திருப்பார். அப்பா காலத்திலிருந்து இருக்கிறார்."

"அவர் கையில்?"

"டார்ச்சு விளக்கு. ஒரு கம்பு. வெடி கொஞ்சம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்."

"கதவு உண்டா, அந்தக் குடிசைக்கு?"

நண்பர் விண்ணப்பத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாக்குத் தொங்கவிட்டிருப்பதாக, சற்றுப் பொறுத்துச் சொன்னார்.