தோபித்தும் தூதரகமும்

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் மீனம்பாக்கம் விமான நிலையம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் நமக்கு விமானங்களின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. அவற்றில் ஏறிச் செல்வோரில் நம் பங்கு மக்களும் உண்டு. செவிலியர், ஓட்டுநர், வெல்டர், கப்பல் பணியாளர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் எனப் பலரும் புனித தோமையார் மலையைச் சன்னல் வழியே பார்த்துச் சிலுவை அடையாளம் வரைந்தபடி நாட்டை விட்டுப் புறப்படுகின்றனர். வழியனுப்பும் நாம் செபமாலையைக் கையில் கொடுத்து, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். அந்தச் சிறு ஏடு எதைக் குறிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அது அடையாள அட்டை மட்டுமன்று. ஒரு மன்றாட்டுக் கடிதமுமாகும். இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால், இதனை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறும், தேவைப்படும் உதவியையும் பாதுகாப்பையும் அளிக்குமாறும் உலகோரை அது வேண்டுகிறது. ஒரு நாடு தன் மகனுக்காகவும் மகளுக்காகவும் அந்நியரிடம் கையேந்தும் ஏடு அது. அப்படியானால், அந்த வேண்டுகோள் செவிமடுக்கப்படாத வேளையில் அவர் யாருடைய பொறுப்பு? கடல் கடந்து துன்புறுவோருக்கு நாடு செய்யும் உதவி அவர்களின் உரிமையா, அன்றி நாடு காட்டும் இரக்கமா?

தூதரகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, அண்ணா மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் விசாவுக்காகக் காத்திருக்கும் கூட்டமே. பிறர் தம் நாட்டின் கதவைக் காப்பதற்காக நம் ஊரில் வைத்திருக்கும் அலுவலகம் என்றே அதனைக் கருதிவிட்டோம். நம் நாடும் பிற நாடுகளின் தலைநகரங்களில் தூதரகங்களையும், காமன்வெல்த் நாடுகளில் ஹை கமிஷன்களையும், வேறு பெருநகரங்களில் துணைத் தூதரகங்களையும் அமைத்துள்ளது. அங்கு வாழும் நம் மக்களின் நலனைக் காப்பது அவற்றின் முக்கியக் கடமைகளுள் ஒன்று. பாஸ்போர்ட்டை இழந்தவருக்குத் தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் வழங்குவதும், சிறைப்பட்டவரைச் சென்று காண்பதும், இறந்தவரின் இறப்பைப் பதிவு செய்து உடல் ஊர் வந்து சேரச் சான்றளிப்பதும் அவர்களின் பணியே.

1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இவற்றுக்கு உலகச் சட்டத்தின் வடிவம் தந்தது. அந்நியர் ஒருவர் கைது செய்யப்பட்டால், அவர் விரும்பினால் அவர் நாட்டுத் தூதரகத்திற்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும், இவ்வுரிமை உண்டென்பதை அவருக்கே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அதன் 36-ஆம் பிரிவு கூறுகிறது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இந்தக் கடமையை மீறியது என்று ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் தூதரக அதிகாரியால் சிறைக் கதவைத் திறக்க இயலாது. அந்நாட்டு நீதிபதிக்குக் கட்டளையிடவும் இயலாது. அவர் சென்று பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். ஒருவன் கேட்பாரற்றவன் அல்லன் என்பதை அவர் தம் வருகையால் உணர்த்துகிறார். சில வேளைகளில் அதுவே உயிரைக் காக்கிறது.

திருத்தூதர் பவுல் இதனை அறிந்திருந்தார். எருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தீர்ப்பிடப்படாத உரோமைக் குடிமகனை அடிப்பது முறையா என்று அவர் நூற்றுவர் தலைவரைக் கேட்டார். அடிக்க வந்தவர்கள் உடனே விலகினர்; ஆயிரத்தவர் தலைவரே அஞ்சினார். பின்னர்ப் பெஸ்து முன்னிலையில் பவுல் சீசரிடம் முறையிட்டார். விண்ணகத்தையே தம் தாய்நாடாகக் கருதிய அவர், மண்ணகக் குடியுரிமையைத் துச்சமென ஒதுக்கவில்லை. உரிய நேரத்தில் உரிமையோடு பயன்படுத்தினார். ஆயினும் இதே வரலாற்றில் நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. திருச்சபை மரபுப்படி, உரோமைக் குடிமகனான பவுல் வாளால் வெட்டுண்டார். குடியுரிமை இல்லாத பேதுரு சிலுவையில் அறையுண்டார். ஒரே நகர், ஒரே நம்பிக்கை. சாவின் வேதனையைக் கூடக் குடியுரிமை வேறுபடுத்தியது. பவுல் சிறையில் உரத்துச் சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாத கைதிகள் எத்தனை பேர் அவர் அருகே இருந்திருப்பர்!

நம் காலத்திற்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே ஒன்றரை லட்சத்திற்கும் அதிகமான இந்தியர் சிக்கிக்கொண்டனர். ஜோர்தானின் அம்மான் நகரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். பயணிகள் விமானங்கள் இத்தனை பேரை மீட்ட நிகழ்ச்சி உலக வரலாற்றிலேயே அரிது. அதே வேளையில், அந்த இக்கட்டான நாட்களில் குவைத்தில் இருந்த இந்தியர்கள் தாமே குழு அமைத்து உணவுக்கும் தங்குமிடத்திற்கும் பேருந்துகளுக்கும் வழி செய்தனர் என்பதையும் மறத்தலாகாது. அரசின் கை எட்டுவதற்கு முன் அயலாரின் கை எட்டியது.

இயேசு சபை அருள்தந்தை அலெக்சிஸ் பிரேம்குமாரை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தமிழகத்தில் இலங்கை அகதிகளிடையே பணியாற்றிய பின் ஆப்கானிஸ்தான் சென்ற அவர், 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தபோது கடத்தப்பட்டார். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர்தான் ஹெராத் நகரின் இந்தியத் துணைத் தூதரகமே தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது. 2015 பிப்ரவரி 22 அன்று அவர் விடுதலையானார். சலேசிய சபை அருள்தந்தை டாம் உழுன்னாலில் 2016 மார்ச் 4 அன்று ஏமன் நாட்டின் ஏடனில் கடத்தப்பட்டார். அன்னை தெரசாவின் சகோதரிகள் நால்வர் அன்று கொல்லப்பட்டனர். போரினால் அந்நாட்டில் நம் தூதரகம் 2015-லேயே மூடப்பட்டிருந்தது. ஓமன் நாட்டின் உதவியால் 2017 செப்டம்பர் 12 அன்று அவர் மீண்டார். இவ்விருவருக்காகவும் நம் ஆலயங்களில் மன்றாடினோம், அரசை வேண்டினோம், அது நன்று. ஆனால் வளைகுடாச் சிறை ஒன்றில் மொழி தெரியாமல் வாடும் ஒரு கூலித் தொழிலாளிக்காக நாம் மெழுகுதிரி ஏற்றியதுண்டா? அவனுக்கும் அதே பாஸ்போர்ட். அதே மன்றாட்டுக் கடிதம்.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. அது புறந்தள்ளத் தக்கதன்று. துன்பத்தில் சிக்குவோரில் சிலர் தாமே அதனைத் தேடிக்கொண்டவர்கள். வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. அதனைப் பொருட்படுத்தாமல், சுற்றுலா விசாவில் வேலைக்குச் சென்று, எச்சரிக்கைகளைப் புறக்கணித்துச் சிக்குண்டவரை மற்றவர் வரிப்பணத்தில் மீட்பது நீதியா? ஒழுங்காகச் சென்றவருக்கும் ஒழுங்கை மீறியவருக்கும் ஒரே கவனிப்பா?

நமக்குப் பழகிய குரல் இது. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் பேசுவதும் இதுவே. இளைய மகனும் தொலைநாட்டில் பணமிழந்து, பஞ்சத்தில் சிக்கி, பன்றி மேய்த்தவனே. தந்தை கணக்குக் கேட்டபின் கதவைத் திறக்கவில்லை. தொலையில் கண்டவுடனே ஓடினார். ஆயினும் அரசு தந்தையாகாது. அதற்குப் பல பிள்ளைகளின் பங்கைக் காக்கும் கடமை உண்டு. மீட்டபின் செலவைத் திருப்பிக் கேட்பதும், ஏமாற்றிய முகவரைத் தண்டிப்பதும் நீதிக்கு உகந்தவை. ஆனால் தவறு செய்தவன் என்பதற்காக ஆபத்தில் கைவிடுவது நீதியாகாது. தவறு ஒருவனது கடனைக் கூட்டலாம். அவனது குடியுரிமையை அழிக்காது. மேலும், உரிமம் பெற்ற முகவர் எவர் என்று அறியும் வழியை யாரும் கற்பிக்காத ஏழையின் அறியாமையைக் குற்றமெனச் சாற்றுவதில், கற்பிக்கத் தவறிய நமக்கும் பங்கு உண்டு. இந்திய அரசு 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி, தூதரகச் சேவைகளுக்கு அயல்நாடுவாழ் இந்தியர் செலுத்தும் சிறு கட்டணங்களால் வளர்ந்தது. திரும்பப் பயணச் சீட்டு வாங்க வழியற்றவருக்கும், இறந்தோரின் உடலை அனுப்பவும் அது உதவுகிறது. தொலைநாட்டில் நல்ல நிலையில் வாழ்பவர் நலிந்தவரைத் தாங்குகிறார். முதல் கிறிஸ்தவர்களின் பொதுப்பையை இது நமக்கு நினைவூட்டாதா?

எனவே நம் விடை இது: கடல் கடந்தவருக்கு நாடு உதவுவது அவரது உரிமையே. ஆனால் எந்த அலுவலகமும் அந்த உரிமையை முழுதும் நிறைவேற்ற இயலாது. பல்லாயிரவருக்குச் சில அதிகாரிகள். அலுவலகம் மூடியபின் வரும் இரவு நீண்டது. அங்கேதான் தோபித்து வருகிறார்.

தோபித்து அசீரியாவின் நினிவே நகருக்கு நாடுகடத்தப்பட்டவர். அங்கே அரசனுக்குத் தேவையான பொருட்களை வாங்கும் பணியில் உயர்ந்தவர். அவரது மக்களுக்கு அந்நகரில் தூதரகம் இல்லை. அவர்களின் நாடே வீழ்ந்துவிட்டது. பசித்தோருக்கு உணவையும் ஆடையற்றோருக்கு உடையையும் அவர் அளித்தார். மதிலுக்கு வெளியே எறியப்பட்ட தம் இனத்தாரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்தார். அதற்காக அரசனின் சினத்துக்கு ஆளாகி உடைமை அனைத்தையும் இழந்தார். எந்த அரசும் அவருக்கு அப்பதவியைத் தரவில்லை. இறந்தோரை அடக்கம் செய்தலை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை கற்பிக்கிறது. இன்று ஏதோ ஓர் அயல்நகரில் விடுமுறை நாளைத் துறந்து, முன்பின் அறியாத ஒருவரின் உடலுக்காக மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் தூதரகத்துக்கும் அலையும் நம்மவர் தோபித்தின் வழி வந்தவரே.

இறுதியாக, இக்கேள்வியை நம் தெருவுக்கும் கொண்டுவர வேண்டும். 2013 அக்டோபரில் தூத்துக்குடியில் நிறுத்தப்பட்ட 'சீமேன் கார்டு ஓகையோ' கப்பலில் இருந்த 35 பேரில் 23 பேர் பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன் நாட்டவர். 2016-இல் தண்டிக்கப்பட்ட அவர்கள் 2017 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையால் விடுவிக்கப்பட்டனர். நம் பிள்ளைகள் அயல்நாட்டுச் சிறையில் படும் பாட்டை, பிறர் பிள்ளைகள் நம் சிறையில் பட்டனர்.

அந்நியருக்கேனும் ஒரு தூதரகம் உண்டு. பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் கட்டடம் எழுப்பும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. சொந்த நாட்டிற்குள் அயலாராக வாழ்வோரின் நலன் காக்க 1979-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2020-இல் பொதுமுடக்கம் வந்தபோது, ஊர் திரும்பும் சிறப்பு ரயிலுக்குப் பெயர் பதியும் வழியறியாமல் அவர்கள் தவித்ததை நாடே கண்டது. தம் நாட்டுத் தூதரகத்தின் படியேற அஞ்சி நம்மிடையே வாழ்ந்த இலங்கை அகதிகளையும் நாம் அறிவோம்.

நம் அன்பியங்கள் இதில் செய்யத்தக்கவை எளியவை. அயல்நாடு செல்வோரின் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைக்கச் சொல்லலாம். முகவரின் உரிம எண்ணைச் சரிபார்க்க உதவலாம். சென்றடையும் நாட்டின் தூதரகத் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன் எழுதிக் கொடுக்கலாம். நம் தெருவின் வடமாநிலத் தொழிலாளி விபத்துக்குள்ளானால் மருத்துவமனையில் அவர் சார்பில் பேச ஒருவர் முன்வரலாம்.

நம் புறநகரின் காவலரான புனித தோமையாரும் கடல் கடந்து வந்தவரே. மரபுப்படி, தம் ஊரார் எவரும் அருகில் இல்லாத மலையில் அவர் ஈட்டியால் குத்துண்டார். அந்த அந்நியரின் உடலை மயிலையில் அடக்கம் செய்தவர்கள் இவ்வூர் மக்கள். அவர்கள் பெயர்களை வரலாறு குறிக்கவில்லை. அவர்கள் தொடங்கிய பணி நம் கையில் இருக்கிறது.