அழுகண்ணியின் பசி

பூச்சியுண்ணும் தாவரங்கள் என்று பள்ளியில் நெப்பந்தஸையும் டிரோசீராவையும் மனப்பாடம் செய்திருப்போம். அவை ஏன் பூச்சியை உண்கின்றன என்பதற்கு ஒருவரி விடைதான்: நைட்ரஜன் குறைந்த மண்ணில் வளர்வதால். ஓர் உயிரின் பசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அது வேர்விட்ட மண்ணைப் பார்க்க வேண்டாமா என்ற அறக்கேள்வி அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது.

அமெரிக்காவின் வட, தென் கரோலினாக்களின் ஈரநிலங்களில் மட்டுமே இயல்பாக வளரும் ஒரு சிறு செடி, இலையை மூடி ஈயைப் பிடிக்கும். அதற்கு வீனஸ் என்ற காதல் தெய்வத்தின் பெயரை வைத்துப் பொறி என்ற சொல்லையும் சேர்த்தார்கள் 18ஆம் நூற்றாண்டின் ஆண்கள். நம் சித்த மருத்துவ மரபு டிரோசீராவை அழுகண்ணி என்கிறது. இலைமயிரின் நுனியில் நிற்கும் பிசின் துளி கண்ணீராகத் தெரிந்திருக்கிறது. கண்ணி என்றால் கண்ணுடையவள். பறவை பிடிக்கும் சுருக்கும் கண்ணிதான். மயக்குபவள், அழுபவள் என்று பெண்ணுக்கு வைத்திருந்த பழைய பெயர்களே செடிக்கும் போயிருக்கின்றன. பசித்தவள் என்று பெயரிட யாருக்கும் தோன்றவில்லை.

நியூ ஜெர்சியில் வாழ்ந்த மேரி ட்ரீட் இச்செடிகளை வேறுவிதமாகப் பார்த்தார். 1874இல் கணவரைப் பிரிந்து, இயற்கையைப் பற்றி எழுதியே பிழைத்தவர் அவர். இச்செடிகள் இரையை எப்படிப் பிடிக்கின்றன என்று பொறுமையாகக் கவனித்து டார்வினுக்குக் கடிதம் எழுதினார். 1875இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

இன்று இவற்றைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் முதலில் கற்பது, நாம் நினைக்கும் நல்லதைச் செய்யாமலிருக்க. உரமிட்டால் வேர் கருகும். உப்பு கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைநீர் வேண்டும். வீனஸ் செடியின் உணர்மயிரை ஏறக்குறைய 20 நொடிக்குள் இருமுறை தொட்டால்தான் இலை மூடும். வேடிக்கைக்காகத் தொட்டுத் தொட்டு மூடவைத்தால் செடி சக்தியை வீணாக இழக்கும். 'உன் நன்மைக்குத்தான்' என்ற சொல்லோடு வளர்ந்த பெண்களுக்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும்.

இச்செடிகள் கைமாறும் விதமும் அழகானது. ஓர் இலையை அடியோடு கிள்ளி ஈரப்பாசியில் வைத்தால் அதில் புதுக்கன்று துளிர்க்கலாம். கொடுத்தவளிடமும் செடி இருக்கும், வாங்கியவளிடமும் இருக்கும். மல்லிகைப் பதியனும் கறிவேப்பிலைக் கன்றும் மதில் தாண்டிப் போகும் நம் தெருக்களின் பழைய வழக்கம்தான் இது. விலை பேசாத இந்தப் பகிர்வால் காட்டுக்கு ஒரு நன்மையும் உண்டு. காட்டிலிருந்து திருடுவது பெருகியதால் 2014இல் வட கரோலினா அதைக் கடுங்குற்றமாக்கியது. இந்தியாவுக்கே உரிய ஒரே நெப்பந்தஸ் மேகாலயாவில் அருகிவருகிறது. வீட்டில் பெருக்கிய கன்று தாராளமாகக் கிடைத்தால் காட்டில் கைவைக்கும் ஆசைக்கு வேலை குறையும்.

ஆகவே அன்பாக நீட்டப்படும் கன்றையும் கேட்டு வாங்குவதே முறை: இது யார் வீட்டுத் தொட்டியில் பிறந்தது, எந்தச் சதுப்பிலிருந்து பிடுங்கப்பட்டது? இதைக் கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது.