எவ்வளவு மின்சாரம் போதும்? வீட்டு வண்டியின் பேட்டரி எழுப்பும் கேள்வி

மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டியில் இரண்டு வகை பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப. மற்றது, வண்டி நின்ற பிறகு விளக்கு, குளிர்பெட்டி, தண்ணீர் பம்பு, விசிறி ஆகியவற்றை ஓட்ட. அதற்குப் பெயரே வீட்டுப் பேட்டரி. அது தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது எந்த வகை, எத்தனை என்று முடிவு செய்தாக வேண்டும். கம்பி வழியாக மின்சாரம் வரும் வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளாத ஒரு பழைய கேள்வி அந்த முடிவுக்குள் இருக்கிறது: ஒரு குடும்பம் நன்றாக வாழ எவ்வளவு போதும், அந்த அளவை வகுப்பது யார்?

அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் இதை எடுத்துப் பேசுகிறார். வீட்டை நடத்தும் கலை வேறு, பணத்தைப் பெருக்கும் கலை வேறு என்பது அவர் கட்சி. முன்னதற்கு எல்லை உண்டு, பின்னதற்கு இல்லை. எந்தத் தொழிலின் கருவிக்கும் அதன் வேலையே அளவு வகுத்துவிடும்; வீட்டின் செல்வமும் அப்படி ஒரு கருவிதான். அளவில்லாமல் சேர்ப்பவர்கள் நன்றாக வாழ்வதை விட்டுவிட்டு வெறுமனே வாழ்வதில் கண்ணாக இருப்பவர்கள் என்கிறார்.

வீட்டு வண்டியில் இந்த வாதம் கிலோ கணக்கில் வந்து நிற்கிறது. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டும் வண்டிக்கு வழக்கமான எடை வரம்பு 3,500 கிலோ. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். நான்கு வைத்தால் 120 கிலோ. அந்த எடையைக் குடிநீரிலோ சாமானிலோ ஆட்களிலோ குறைத்தாக வேண்டும்.

தேவையைக் கணக்கிடுவது கடினமில்லை. எல்இடி விளக்குகள், பம்பு, கைபேசி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 300 வாட்-மணி. கம்ப்ரசர் குளிர்பெட்டிக்கு 500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 800. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் எழுத்தில் இருப்பது 1,200 வாட்-மணி. ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால் கைக்கு வருவது 600தான். எனவே இரண்டு வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் அதே அளவு பேட்டரி 1,280 வாட்-மணியில் பெரும்பகுதியைத் தந்துவிடும். எடையும் ஈயத்தில் பாதிக்குக் கீழே. ஆகவே இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தால் கணக்கு தீர்ந்தது. ஆனால் ஆசை அதோடு நிற்பதில்லை. இடமும் எடையும் மிச்சமாகிறதே என்று மூன்றாக வாங்கி, கூடவே பெரிய இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, காபி இயந்திரம் என்று பட்டியல் நீளும். கருவி பெரிதானதும் வேலையும் பெரிதாகிவிடுகிறது. வேலைதான் கருவிக்கு அளவு வைக்கிறது என்ற அரிஸ்டாட்டிலின் விதி இங்கே தலைகீழாகிறது.

எபிகூரஸ் ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்: இயல்பானவையும் தேவையானவையும்; இயல்பானவை, ஆனால் தேவையற்றவை; இயல்பும் தேவையும் இல்லாதவை. மின்கருவிப் பட்டியலை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம், பயனுள்ள பயிற்சிதான். ஆனாலும் இன்சுலின் வைத்திருப்பவருக்குக் குளிர்பெட்டி முதல் வகை, குளிர்பானம் வைத்திருப்பவருக்கு இரண்டாவது. பொருளின் பெயரைப் பார்த்துத் தரம் பிரிக்க முடியாது.

ஈயம், லித்தியம் என்ற இரு பேட்டரி வகைகளுக்கும் இடையே உள்ள இன்னொரு வேறுபாடு விலையையும் ஆயுளையும் விடச் சிந்தனைக்குரியது. முழுதாக நிரம்பிய ஈய பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். பாதி தீரும்போது 12.1 அளவுக்கு இறங்கும். பயன்படுத்தப் பயன்படுத்தப் பம்பின் ஓசை தளரும், விசிறி மந்தமாகும். லித்தியம் வகையோ ஏறக்குறைய கடைசி வரை 13 வோல்ட் அளவிலேயே நிற்கும். பிறகு உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒரே அடியாகத் துண்டித்துவிடும். ஆகவே அதற்கு உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணிக் காட்டும் தனி மீட்டர் தேவைப்படுகிறது. முன்பு காதுக்கும் கண்ணுக்கும் தெரிந்த எல்லை இப்போது ஒரு திரையில் சதவீதமாக நிற்கிறது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்பர்ட் போர்க்மன் 1984இல் வெளியிட்ட நூலில், நவீன சாதனம் பயனை மட்டும் முன்னால் வைத்து, அதைத் தரும் இயக்கத்தை மறைத்துவிடுகிறது என்றார். கணப்படுப்பு அவருடைய உதாரணம்: விறகு வெட்டுவது, தீ மூட்டுவது, குடும்பம் சுற்றி அமர்வது எல்லாம் அதோடு சேர்ந்தவை. மைய வெப்பக் கருவி சூட்டை மட்டும் தரும். இந்தப் பார்வையில் லித்தியம் முழுமையான சாதனம். அதற்காக ஈய பேட்டரியைக் கணப்படுப்பின் இடத்தில் உட்கார வைப்பது மிகை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதைச் சுற்றி எந்தக் குடும்பமும் கூடுவதில்லை. அமிலம் பட்டுச் சட்டை ஓட்டையானதை யாரும் ஏக்கத்தோடு நினைப்பதுமில்லை. போர்க்மன் வாதத்தில் இங்கே தேறுவது ஒன்று: எல்லை புலனுக்கு எட்டும்போது சிக்கனத்துக்குத் தனி உறுதி வேண்டியதில்லை.

எவ்வளவு போதும் என்ற கேள்வியைச் சமயக் கேள்வியாகவே நடத்திவரும் ஒரு சமூகம் உண்டு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் 1920ஐ ஒட்டிப் பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பேட்டரியை அனுமதித்தார்கள். மின்சாரமே பாவம் என்பது அவர்கள் கொள்கை அல்ல. கம்பி வீட்டை வெளியுலகோடு கட்டிப்போடும், அதன் வழியே கேட்காத பொருளெல்லாம் உள்ளே வரும் என்பதே அச்சம். பேட்டரி தீர்ந்துவிடும் பொருள். குதிரை வண்டியின் விளக்குக்குப் போதும், தொலைக்காட்சி வைத்த வீட்டுக்குப் போதாது. எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதைத் தனியாள் முடிவு செய்வதில்லை. 'ஒர்ட்னுங்' எனப்படும் சபை ஒழுங்கு முடிவு செய்கிறது. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன் சபை கூடி அதை உறுதி செய்கிறது. சபைக்குச் சபை விதி மாறும். ஸ்வார்ட்சென்ட்ரூபர் பிரிவினர் வண்டிக்கு மண்ணெண்ணெய் விளக்கே போதும் என்பார்கள்.

சூரியத் தகடும் இன்வெர்ட்டரும் மலிவான லித்தியமும் சேர்ந்தால், கம்பி தருவது முழுவதையும் கம்பி இல்லாமலே பெறலாம். பேட்டரியின் பலவீனம் சுமந்துவந்த வேலியை இனி சபை ஒவ்வொரு கருவியாகப் பார்த்துத் தானே போட வேண்டியிருக்கிறது. வீட்டு வண்டிக்காரருக்கோ சபை கிடையாது. அவருக்கு வேலி போடுபவை பெரும்பாலும் பௌதிக விதிகள்: உறைநிலைக்குக் கீழே சாதாரண லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் அது கெடும், எஞ்சினின் ஆல்டர்னேட்டரை நேராக இணைத்தால் அளவு மீறிச் சூடாகலாம், இடையில் ஒரு சார்ஜர் வேண்டும். குளிர்நாட்டில் பனிக்காலப் பயணம் செய்பவர் ஏஜிஎம் எனப்படும் மூடிய ஈய வகையையோ, உள்ளே சூடேற்றி வைத்த லித்தியத்தையோ தேடுவது இதனால்தான்.

போதும் என்ற கணக்கில் பொதுவாக விடுபடுவது கழற்றிய பேட்டரி. ஈயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தும் முறை பழையது. செல்வ நாடுகளில் பழைய ஈய பேட்டரி பெரும்பாலும் ஆலைக்கே திரும்புகிறது. ஏழை நாடுகளின் முறைசாரா உலைகளிலோ அதே வேலை சுற்றுவட்டாரக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் ஈயமும் இல்லை, கோபால்ட்டும் இல்லை; ஆனால் விலை உயர்ந்த உலோகம் குறைவாக இருப்பதாலேயே அதைப் பிரித்தெடுக்க முன்வருபவர்களுக்கு லாபம் குறைவு. எத்தனை பேட்டரி வேண்டும் என்ற எண்ணிக்கையை வண்டிக்குள் இருப்பவரின் தேவையை மட்டும் வைத்து அரிஸ்டாட்டில் முறையில் போட்டால், உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.