தடையும் அருளா?

இரணைமடுக் குளக்கட்டு கனகராயன் ஆற்றை மறித்து நிற்கிறது. 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த அந்த மறிப்பை நம்பித்தான் கிளிநொச்சி வயல்கள் விளைகின்றன. கட்டருகே கனகாம்பிகை அம்மன் கோயில். மறிப்பதே வாழவைக்கும் அந்த இடத்தில் ஒரு சைவக் கருத்து நினைவுக்கு வருகிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, உயிர் பக்குவப்படும்வரை அதை உலக அனுபவத்தில் ஆழ்த்தி வைப்பதும் அருளே என்கிறது சைவ சித்தாந்தம். தடை எப்படி அருளாகும்?

விமானத்தை இயக்கும் வாயுச் சுழலிக்குள் இதற்கொரு சான்று கிடைக்கிறது. நவீன சுழலியின் அலகுகள்மேல் பாயும் வாயு 1500 பாகை செல்சியசைத் தாண்டும். அலகின் நிக்கல் கலப்புலோகமோ அதற்கு முன்பே உருகிவிடும். அதனால் அமுக்கியிலிருந்து பிரித்த காற்றை அலகின் உள்வழிகளில் ஓட்டுகிறார்கள். சுவர் வழவழப்பாக இருந்தால் அதை ஒட்டிய காற்றுப்படலம் போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே வழிநெடுக வேண்டுமென்றே சிறு விலாக்கள் வைக்கிறார்கள். காற்று அவற்றில் முட்டி, பிரிந்து, சுழன்று, மறுபடி சுவரில் வந்து மோதுகிறது. வெப்பப் பரிமாற்றம் இரண்டு மூன்று மடங்காகிறது.

அதற்கு விலை உண்டு: அமுக்கம் இறங்கும். விலாவைச் சரித்து, உயரத்தையும் இடைவெளியையும் மாற்றி, தேவைக்கு மேல் தடை இல்லாதபடி பொறியியலாளர் கணக்குப் பார்க்கிறார்.

இந்தக் கணக்கை மறந்து, 2009இல் வன்னிப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் “எல்லாம் பக்குவத்துக்கே” என்பது கொடுமை. சித்தாந்தம் தடையை நிரந்தரமாக்கவில்லை. உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் முதிர்ந்ததும், திரோதாயி எனப்படும் மறைக்கும் சத்தியே அருட்சத்தியாகும். 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாச்சாரியார், அருளின் வேலையே ஆனாலும், திரோதாயியை மலங்களோடு சேர்த்தே எண்ணினார்.